ஹைஸ்கூலில் இருக்கும்போதே கல்லூரிப் பாடம்: அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எட்டாம் வகுப்பு முடிந்ததுமே வாட்ஸ்அப் குழுக்களில் பேச்சு தொடங்கிவிடுகிறது. "எங்க பையன் பதினொன்றாவதிலேயே 24 கிரெடிட் வாங்கிட்டான்" என்று ஒருவர் போட்டால் மற்ற பெற்றோருக்கு அன்று தூக்கம் போச்சு. கிரெடிட் என்பது கல்லூரிப் பாடங்களை அளக்கும் அலகு. அந்த 24 கிரெடிட்டில் எத்தனை, அவன் கடைசியில் சேரப்போகும் கல்லூரியில், அவன் எடுக்கப்போகும் பட்டத்தின் கட்டாயப் பாடங்களில் போய் உட்காரும் என்பதை யாரும் கேட்பதில்லை. இந்தப் பக்கத்தில் வரும் பதில்கள் பெரும்பாலும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே வரும்.

டூயல் என்ரோல்மென்ட், ஏபி, ஐபி, கிளெப் எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. கல்லூரி கிரெடிட் கிடைக்கலாம் என்பது மட்டும்தான் பொது.

டூயல் என்ரோல்மென்ட் என்பது நிஜமான கல்லூரிப் பாடம். பிள்ளையின் பெயரில் கல்லூரியில் மாணவர் எண் வரும், செமஸ்டர் முடிவில் கிரேடு வரும், அது கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில், அதாவது மதிப்பெண் பதிவில், ஏறும். வகுப்பு கம்யூனிட்டி காலேஜிலேயே (உள்ளூர் இரண்டாண்டு அரசுக் கல்லூரி) நடக்கலாம், ஆன்லைனில் நடக்கலாம், அல்லது கல்லூரி அங்கீகரித்த ஆசிரியர் ஒருவர் உங்கள் ஹைஸ்கூலிலேயே நடத்தலாம். கடைசி வகையைக் கன்கரன்ட் என்ரோல்மென்ட் என்பார்கள். டெக்ஸஸில் பொதுவாக டூயல் கிரெடிட் என்ற பெயர்தான் வழக்கம்.

ஏபி (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) என்பது காலேஜ் போர்டு நடத்தும் திட்டம். வகுப்பு முழுக்க ஹைஸ்கூலில்தான். மே மாதத்தில் ஒரு தேர்வு, 1 முதல் 5 வரை மதிப்பெண். வகுப்பில் ஏ வாங்கியிருந்தாலும் கிரெடிட்டைத் தீர்மானிப்பது அந்தத் தேர்வு மட்டுமே. ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலாரியேட்) என்ற சர்வதேசத் திட்டத்தில் மதிப்பெண் 1 முதல் 7 வரை. ஹையர் லெவல் பாடங்களுக்குத்தான் பெரும்பாலான கல்லூரிகள் கிரெடிட் தரும். கிளெப் என்பது கல்லூரிப் பாட அளவிலான தேர்வு மட்டும், வகுப்பே தேவையில்லை. தேர்வு மையத்தில் போய் எழுதினால் 20 முதல் 80 வரை ஸ்கோர், பல கல்லூரிகளில் 50 வந்தால் கிரெடிட். ஆனால் முன்னணித் தனியார் கல்லூரிகளில் கிளெப்புக்கு மதிப்பு மிகக் குறைவு.

இவை தவிர எர்லி காலேஜ் ஹைஸ்கூல் என்று தனிப் பள்ளிகளே உண்டு. நியூயார்க்கில் 2001-இல் தொடங்கிய பார்ட் ஹைஸ்கூல் எர்லி காலேஜ் போன்றவற்றில் பன்னிரண்டாவது முடிக்கும்போதே அசோசியேட் பட்டமும் (இரண்டாண்டுக் கல்லூரிப் பட்டம்) கையில் வந்துவிடும்.

ஏபியா, டூயலா? எது நல்லது?

பிள்ளை எங்கே போகப்போகிறான் என்பதைப் பொறுத்தது.

சொந்த மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகம்தான் இலக்கு என்றால் டூயல் பாடம் உறுதியான வழி. ஒரே மாநிலத்துக்குள் கம்யூனிட்டி காலேஜுக்கும் பல்கலைக்கும் இடையே எழுத்துபூர்வ ஒப்பந்தங்கள் இருக்கும். சி அல்லது அதற்கு மேல் வாங்கினால் கிரெடிட் போய்ச் சேரும். ஒரே நாளில், ஒரே தேர்வில் எல்லாம் முடிவாகாது.

வெளிமாநிலப் பல்கலை, முன்னணித் தனியார் பல்கலை என்றால் ஏபிக்குத்தான் நாடு முழுக்க ஒரே அளவுகோல். அங்கேயும் கிரெடிட் கிடைக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். எம்ஐடி, ஏபியின் உயர் கால்குலஸ் பாடமான கால்குலஸ் பிசியில் 5 வாங்கினால் முதல் கால்குலஸ் பாடத்துக்குக் கிரெடிட் தரும். கால்டெக் ஏபிக்குக் கிரெடிட்டே தருவதில்லை. டார்ட்மத் 2018-இல் பட்டம் பெற்ற அணியிலிருந்து நிறுத்திவிட்டது. கலிபோர்னியாவின் யூசி (யூனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியா) பல்கலைகள் 3 வாங்கினாலே யூனிட் (அங்கே கிரெடிட்டுக்குப் பெயர்) தருகின்றன; ஆனால் அந்த யூனிட் உங்கள் துறையின் கட்டாயப் பாடத்தை நிறைவு செய்யுமா என்பது வளாகத்துக்கு வளாகம், துறைக்குத் துறை மாறும்.

பொதுவான எங்கள் பரிந்துரை: பள்ளியில் நல்ல ஏபி வகுப்பு இருக்கும் பாடத்துக்கு ஏபி. பள்ளியில் இல்லாத பாடத்துக்கு டூயல். பதினொன்றாவதிலேயே கால்குலஸ் பிசி முடித்த பிள்ளைக்குப் பன்னிரண்டாவதில் கணக்கே இல்லாமல் போகும். மல்டிவேரியபிள் கால்குலஸும் லீனியர் அல்ஜீப்ராவும் கம்யூனிட்டி காலேஜில் எடுப்பதைப் போலப் பொருத்தமான டூயல் வேறு இல்லை. அதே பிள்ளை, பள்ளியில் ஏபி அமெரிக்க வரலாறு இருக்க, "சுலபமா இருக்கும்" என்று கம்யூனிட்டி காலேஜ் ஆன்லைன் வரலாற்றுக்குத் தாவினால், முன்னணிக் கல்லூரிகளின் அட்மிஷன் அலுவலர்கள் அதைக் கவனிப்பார்கள். பள்ளியில் கிடைக்கும் கடினமான பாடத்தைத் தவிர்த்தானா என்பது அவர்கள் பார்க்கும் விஷயங்களில் ஒன்று.

உண்மையிலேயே இலவசமா?

மாநிலத்தைப் பொறுத்தது. சில உதாரணங்கள்:

மினசோட்டாவின் பிஎஸ்இஓ என்ற டூயல் திட்டம் 1985 முதல் நடக்கிறது, நாட்டிலேயே முன்னோடி. டியூஷன், கட்டணங்கள், தேவையான புத்தகங்கள் மூன்றும் இலவசம். ஒஹாயோவின் காலேஜ் கிரெடிட் பிளஸ் திட்டத்தில் அரசுக் கல்லூரிகளில் செலவில்லை, ஏழாம் வகுப்பிலிருந்தே தகுதி உண்டு, ஆண்டுக்கு அதிகபட்சம் 30 கிரெடிட். ஆனால் பாடத்தில் தோற்றாலோ, தாமதமாக விலகினாலோ பள்ளி மாவட்டம் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். வாஷிங்டனின் ரன்னிங் ஸ்டார்ட்டில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு டியூஷன் இல்லை. புத்தகம், கட்டணங்கள், போக்குவரத்து உங்கள் பொறுப்பு. புளோரிடாவில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு டியூஷன், புத்தகம் இரண்டுமே இலவசம். ஜார்ஜியாவில் 2020-இல் சட்டம் மாறி, அரசு பணம் தரும் வரம்பு மொத்தம் 30 செமஸ்டர் கிரெடிட் ஆனது. இருக்கிற 30-ஐ எதில் செலவழிப்பது என்று அங்கே திட்டமிட்டே ஆக வேண்டும். டெக்ஸஸில் பள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் கட்டணம் வேறு. 2023-இல் வந்த ஃபாஸ்ட் திட்டத்தில் சேர்ந்த கல்லூரிகளில், இலவச அல்லது குறைந்த விலை மதிய உணவுக்குத் தகுதியுள்ள மாணவர்களுக்குச் செலவில்லை.

கலிபோர்னியா கம்யூனிட்டி காலேஜில் ஒரு யூனிட் 46 டாலர். ஹைஸ்கூல் பிள்ளைகள் செமஸ்டருக்கு 11 யூனிட் வரை எடுத்தால் பெரும்பாலான கல்லூரிகள் அதைத் தள்ளுபடி செய்துவிடும். சிசிஏபி என்ற, பள்ளி மாவட்டத்துக்கும் கம்யூனிட்டி காலேஜுக்கும் இடையிலான ஒப்பந்தம் உள்ள பள்ளிகளில் வரம்பு 15 யூனிட். ஹெல்த் ஃபீ, பார்க்கிங், புத்தகம் ஆகியவற்றைத் தனியாகப் பாருங்கள்.

இலவசம் என்று நம்பிப் போனவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் புத்தகமும் ஆக்சஸ் கோடும்தான். பழைய புத்தகத்தைப் பாதி விலைக்கு வாங்கிவிடலாம். ஹோம்வொர்க் தளத்துக்கான ஆக்சஸ் கோடு அப்படிக் கிடைக்காது, ஒருவர் பயன்படுத்தினால் முடிந்தது. சேரும் முன் சிலபஸைக் கேட்டு, கோடு கட்டாயமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். ஓப்பன்ஸ்டாக்ஸ் போன்ற இலவசப் புத்தகம் பயன்படுத்தும் செக்‌ஷன் இருந்தால் அதையே தேர்ந்தெடுக்கலாம்.

ஒப்பீட்டுக்கு: 2025 மே மாத ஏபி தேர்வுக்கு ஒரு பாடத்துக்கு 99 டாலர். குறைந்த வருமானக் குடும்பங்களுக்குச் சலுகை உண்டு. நவம்பர் நடுப்பகுதிக்குள் பள்ளி ஆர்டர் செய்தாக வேண்டும். தாமதித்தால் 40 டாலர் கூடுதல். கிளெப்புக்கு மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற அமைப்பின் இலவச ஆன்லைன் பாடத்தை முடித்தால் தேர்வுக் கட்டண வவுச்சர் கிடைக்கும்.

529 கணக்கிலிருந்து (வரிச்சலுகையுள்ள கல்விச் சேமிப்புக் கணக்கு) கட்டலாமா?

2025 ஜூலையில் வந்த கூட்டாட்சிச் சட்டத்துக்குப் பிறகு டூயல் என்ரோல்மென்ட் கட்டணமும் ஏபி தேர்வுக் கட்டணமும் பள்ளிக் காலச் செலவாகவே 529-இல் அனுமதிக்கப்படுகின்றன. எல்லா மாநில வரிச் சட்டங்களும் கூட்டாட்சிச் சட்டத்தோடு ஒத்துப்போவதில்லை. பணம் எடுக்கும் முன் உங்கள் மாநில நிலையைப் பாருங்கள். ரசீதுகளை வைத்திருங்கள்.

எந்த வகுப்பிலிருந்து, என்ன தகுதி?

பெரும்பாலும் பதினொன்றாம் வகுப்பு. சில மாநிலங்களில் அதற்கு முன்பும் முடியும். புளோரிடாவில் வெயிட் சேர்க்காத ஜிபிஏ (கடினமான பாடங்களுக்குக் கூடுதல் புள்ளி சேர்க்காத மதிப்பெண் சராசரி) 3.0 வேண்டும். வட கரோலினாவின் கல்லூரிப் பாதையில் 2.8. டெக்ஸஸில் டிஎஸ்ஐஏ2 தேர்வில் கணக்கில் 950, ஆங்கிலத்தில் 945-உம் கட்டுரையில் 5-உம் வேண்டும். எஸ்ஏடி, ஏசிடி ஸ்கோர் இருந்தால் விலக்கு கிடைக்கலாம். மற்ற இடங்களில் அக்யூபிளேசர், அலெக்ஸ் போன்ற பிளேஸ்மென்ட் தேர்வுகள், அதாவது எந்த நிலைப் பாடத்தில் சேரலாம் என்று தீர்மானிப்பவை.

பிளேஸ்மென்ட் தேர்வுதானே என்று தயாரிக்காமல் போவது அடிக்கடி நடக்கிறது. அல்ஜீப்ரா 2 முடித்து ஒரு கோடை விடுமுறை கழித்துப் போகும் பிள்ளை லாகரிதம், பின்னக் கோவைகள் எல்லாம் மறந்து, ஒரு நிலை கீழே போய் உட்காருவான். இரண்டு வாரம் பழைய பாடத்தைத் திருப்பிப் பார்த்தாலே பலருக்குப் போதும். மறு தேர்வு உண்டா, எத்தனை நாள் இடைவெளி என்பதையும் முன்பே கேட்டு வையுங்கள்.

சேரும் முறை என்ன? எப்போது தொடங்க வேண்டும்?

ஆகஸ்ட் செமஸ்டருக்கு ஜனவரியில் தொடங்குங்கள். மே மாதத்தில் யோசிப்பது தாமதம். ஒஹாயோவில் பள்ளிக்கு விருப்பக் கடிதம் கொடுக்கக் கடைசி நாள் ஏப்ரல் 1. மினசோட்டாவில் மே 30. மற்ற மாநிலங்களில் அவரவர் தேதி.

ஜனவரி, பிப்ரவரியில் பள்ளி கவுன்சிலரைப் பிள்ளையோடு போய்ப் பாருங்கள். கேட்க வேண்டியவை: எந்தக் கல்லூரிகளோடு பள்ளிக்கு ஒப்பந்தம், எந்தப் பாடம் ஹைஸ்கூல் பட்டத் தேவையில் எதற்குப் பதிலாகக் கணக்கிடப்படும், ஜிபிஏவில் எவ்வளவு வெயிட், போய்வரும் நேரத்துக்குப் பள்ளி டைம்டேபிள் இடம் தருமா. மார்ச்சில் கல்லூரியின் ஆன்லைன் விண்ணப்பம். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது: விண்ணப்பத்தில் "ஹைஸ்கூல் டூயல் மாணவர்" என்ற வகையைத் தேர்ந்தெடுக்காமல் சாதாரணப் புதிய மாணவராகப் போட்டுவிட்டால் முழுக் கட்டணம் பில்லாக வரும், திருத்த வாரக்கணக்கில் அலைய வேண்டும். மாணவர் எண் வந்ததும் பிளேஸ்மென்ட் தேர்வு. பிறகு அனுமதிப் படிவம். அதில் பெற்றோர், கவுன்சிலர் அல்லது பிரின்சிபல், மாணவர் என மூன்று கையெழுத்து இருக்கும். பல கல்லூரிகளில் இந்தப் படிவம் செமஸ்டருக்கு ஒருமுறை புதிதாக வேண்டும். இலையுதிர் காலத்தில் கொடுத்தது வசந்தத்துக்குச் செல்லாது. கவுன்சிலர் கோடையில் விடுமுறையில் போய்விடுவார் என்பதால் ஜூன் முதல் வாரத்துக்குள் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

ரெஜிஸ்டிரேஷனில் ஹைஸ்கூல் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கடைசி முன்னுரிமை. விரும்பிய செக்‌ஷன் நிறைந்திருந்தால் வெயிட்லிஸ்டில் பெயர் போட்டு, முதல் வகுப்புக்கு நேரில் போய்விடுங்கள். முதல் வாரத்தில் இடங்கள் காலியாவது வழக்கம்.

ஒரு பாடத்துக்கு வாரம் எத்தனை மணி நேரம்?

15 வார செமஸ்டரில் ஒரு கிரெடிட்டுக்கு வாரம் ஒரு மணி நேர வகுப்பும் இரண்டு மணி நேர வீட்டுப் படிப்பும் என்பது கணக்கு. 3 கிரெடிட் பாடத்துக்கு வாரம் 9 மணி நேரம். 4 கிரெடிட் கால்குலஸுக்கு 12.

இதே 3 கிரெடிட்டை 8 வாரக் கோடையில் எடுத்தால் வாரம் ஏறக்குறைய 17 மணி. 6 வாரத்தில் 22 மணிக்கு மேல். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, கால்குலஸ் போன்றவற்றை 6 வாரத்தில் எடுப்பது வளர்ந்த மாணவர்களையே திணறவைக்கும். நடுவில் இரண்டு வாரம் இந்தியா போய்வரலாம் என்ற திட்டம் இருந்தால் கோடைப் பாடமே வேண்டாம். ஆன்லைன் பாடம்தானே, அங்கிருந்து செய்துவிடுவான் என்பார்கள். நேர வித்தியாசத்தில் புரோக்டர் (கண்காணிப்பாளர்) பார்க்கும் தேர்வு நள்ளிரவு இரண்டு மணிக்கு வந்து நிற்கும்.

ஹைஸ்கூலில் மார்க் பல சின்னச் சின்ன வேலைகளால் ஆனது. கல்லூரிப் பாடத்தில் இரண்டு மிட்டெர்ம், ஒரு ஃபைனல், கொஞ்சம் ஹோம்வொர்க், அவ்வளவுதான் இருக்கும். முதல் மிட்டெர்மில் 60 வந்தால் மீட்க எக்ஸ்ட்ரா கிரெடிட் பெரும்பாலும் கிடையாது.

முதல் பாடமாக எதை எடுப்பது?

ஒன்றே ஒன்று எடுக்கட்டும். அவன் ஏற்கெனவே பலமாக இருக்கும் துறையில், எங்கும் செல்லுபடியாகும் பொதுக்கல்விப் பாடமாக இருப்பது நல்லது: ஆங்கிலக் காம்போசிஷன், புள்ளியியல், சைக்காலஜி அறிமுகம், அமெரிக்க அரசாங்கம். காம்போசிஷன் நல்ல தேர்வு. எந்தப் பட்டத்துக்கும் வேண்டும், எழுதும் பழக்கம் மற்ற எல்லாவற்றுக்கும் உதவும். வாராவாரம் கட்டுரை எழுதி, திருத்தி, மறுபடி எழுத வேண்டியிருக்கும் என்பதை மட்டும் பிள்ளையிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

மேஜரின் (முதன்மைத் துறையின்) முதுகெலும்பான பாடத்தை வசதிக்காகக் கம்யூனிட்டி காலேஜில் முடித்துவிட்டு, பல்கலையில் நேரே இரண்டாம் பாடத்தில் குதிப்பது பற்றி இரண்டு முறை யோசியுங்கள். எஞ்சினியரிங் இயற்பியலின் முதல் பாடம் பலவீனமாக இருந்தால் இரண்டாவதில் அடி பலமாக விழும்.

கிரெடிட் டிரான்ஸ்ஃபர் ஆகும் என்று எப்படி உறுதி செய்வது?

"டிரான்ஸ்ஃபர் ஆகும்" என்ற சொல்லில் மூன்று வேறு நிலைகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, நேரடிச் சமம்: உங்கள் பாடம் பல்கலையின் குறிப்பிட்ட எண்ணுள்ள பாடமாகவே ஏறும். இரண்டு, பொதுக்கல்வித் தேவை ஒன்றை நிறைவு செய்யும். மூன்று, எலக்டிவாக மட்டும் ஏறும். அதாவது மொத்த எண்ணிக்கை கூடும், எந்தக் கட்டாயப் பாடமும் குறையாது. வாட்ஸ்அப்பில் வரும் 24 கிரெடிட் கதைகளில் இந்த மூன்றாம் வகையின் பங்கு கணிசம்.

ஓர் உதாரணம். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க நினைக்கும் பிள்ளை "பிசினஸ் கால்குலஸ்" எடுத்து ஏ வாங்குகிறான். பல்கலை 3 கிரெடிட்டை ஏற்றுக்கொள்கிறது, எலக்டிவாக. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு வேண்டியது சயின்ஸ், எஞ்சினியரிங் மாணவர்களுக்கான கால்குலஸ் 1. மறுபடி கால்குலஸ் எடுக்க வேண்டும். இரண்டு பாடங்களின் பெயரிலும் கால்குலஸ் இருந்தது, எண் வேறு. இதே வலை "அல்ஜீப்ரா அடிப்படையிலான இயற்பியல்" எதிர் "கால்குலஸ் அடிப்படையிலான இயற்பியல்", லேப் உள்ள உயிரியல் எதிர் லேப் இல்லாத உயிரியல் ஆகியவற்றிலும் உண்டு.

சரிபார்க்கும் வழி: பிள்ளை போகக்கூடிய நான்கைந்து பல்கலைகளின் பெயரை எழுதுங்கள். ஒவ்வொன்றின் இணையதளத்திலும் டிரான்ஸ்ஃபர் ஈக்விவலன்ஸி தேடலில் கம்யூனிட்டி காலேஜ் பெயரையும் பாட எண்ணையும் போட்டுப் பாருங்கள். கலிபோர்னியாவில் இதற்கு அசிஸ்ட் டாட் ஆர்க். டெக்ஸஸில் பொதுப் பாட எண் முறையும் 42 மணி நேரக் கோர் பாடத்திட்டமும் உதவும். அடுத்து அந்த மேஜரின் நான்காண்டுத் திட்டத்தை எடுத்து, அந்தப் பாடம் அதில் எந்தக் கட்டத்தில் உட்காருகிறது என்று பென்சிலால் குறியுங்கள். கட்டம் கிடைக்கவில்லை என்றால் அது எலக்டிவ்.

வாஷிங்டன் போன்ற இடங்களில் கல்லூரி குவார்ட்டர் முறையில் நடக்கும். ஒரு குவார்ட்டர் கிரெடிட் செமஸ்டர் கிரெடிட்டில் மூன்றில் இரண்டு பங்கு. 5 குவார்ட்டர் கிரெடிட் செமஸ்டர் பல்கலைக்குப் போகும்போது 3.33 ஆகிவிடும், 4 கிரெடிட் கேட்கும் பாடத்துக்குப் போதாமல் போகலாம்.

பல தனியார் பல்கலைகளில் இன்னொரு விதி: ஹைஸ்கூல் பட்டத் தேவைக்குக் கணக்கிட்ட பாடத்துக்கோ, ஹைஸ்கூல் கட்டடத்தில் நடந்த பாடத்துக்கோ கிரெடிட் கிடையாது. டூயல் என்ற சொல்லின் பொருளே இரண்டு பக்கமும் கணக்கிடுவதுதான் என்பதால் இது அங்கே எல்லாவற்றையும் அடித்துவிடும்.

எல்லாப் பாடத்தின் சிலபஸையும் பிடிஎஃப்பாகச் சேமித்து வையுங்கள். வாராந்தரத் தலைப்புகள், புத்தகத்தின் பெயர், பதிப்பு, லேப் நேரம் எல்லாம் அதில் இருக்கும். கிரெடிட் மறுக்கப்பட்டால் மேல்முறையீட்டுக்குக் கேட்கும் முதல் ஆவணம் அதுதான். செமஸ்டர் முடிந்த சில வாரங்களில் கான்வாஸ் என்ற பாடத் தளத்தின் பக்கம் மூடப்படலாம், பிறகு தேட முடியாது.

ஹைஸ்கூல் ஜிபிஏவில் எப்படி ஏறும்?

பள்ளி மாவட்டத்தின் முடிவு. சில இடங்களில் ஏபிக்கும் டூயலுக்கும் ஒரே வெயிட். புளோரிடாவில் சட்டமே அப்படிச் சொல்கிறது. சில இடங்களில் ஏபிக்கு முழுப் புள்ளி, டூயலுக்கு அரைப் புள்ளி. யூசி பல்கலைகள் தங்கள் சொந்தக் கணக்கில், டிரான்ஸ்ஃபர் ஆகக்கூடிய கல்லூரிப் பாடத்தின் ஏ, பி, சி மார்க்குக்கு ஒரு கூடுதல் புள்ளி தருகின்றன; ஏபி, ஹானர்ஸ் எல்லாம் சேர்த்து வரம்பு 8 செமஸ்டர். அங்கே ஒரு செமஸ்டர் கல்லூரிப் பாடம் பொதுவாக ஹைஸ்கூலின் ஓராண்டுப் பாடத்துக்குச் சமம்.

பாடம் கைமீறிப் போனால் என்ன செய்வது?

தேதிகளைப் பாருங்கள். முதல் ஓரிரு வாரங்களுக்குள் "டிராப்" செய்தால் டிரான்ஸ்கிரிப்டில் தடமே இருக்காது. டெக்ஸஸில் நீண்ட செமஸ்டரில் அந்த எல்லை வகுப்புகள் நடக்கும் 12-ஆவது நாள். அதற்குப் பிறகு, செமஸ்டரின் ஏறக்குறைய 60 சதவீதம் வரை "வித்ட்ரா" செய்யலாம். டிரான்ஸ்கிரிப்டில் டபிள்யூ வரும். அதையும் தாண்டினால் வாங்கியதுதான் கிரேடு.

மோசமான வழி, சொல்லாமல் கொள்ளாமல் போகாமல் நின்றுவிடுவது. ஹைஸ்கூலில் கவுன்சிலர் கூப்பிட்டுக் கேட்பார். கல்லூரியில் யாரும் கேட்கமாட்டார்கள். செமஸ்டர் முடிவில் எஃப் வரும்.

ஒரு டபிள்யூ யாருடைய வாழ்க்கையையும் கெடுக்காது. ஆனால் எஃப்பும் டபிள்யூவும் பின்னால் கல்லூரி நிதி உதவியைத் தொடும். கூட்டாட்சி உதவி தொடர, எடுத்த கிரெடிட்டில் பொதுவாக 67 சதவீதம் முடித்திருக்க வேண்டும், ஜிபிஏ 2.0 அளவில் இருக்க வேண்டும். டூயல் காலத்தில் எடுத்தவையும் அந்தக் கணக்கில் வரலாம். அதோடு, டூயல் பாடத்தில் வித்ட்ரா செய்தால் ஹைஸ்கூல் பட்டத்துக்கு வேண்டிய பாடம் ஒன்று குறையும். பன்னிரண்டாம் வகுப்பு வசந்த செமஸ்டரில் இது நடந்தால் பட்டமளிப்புக்கே ஆபத்து. விலகும் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் கவுன்சிலரிடம் பேசியாக வேண்டும்.

மருத்துவம் படிக்க ஆசை. கம்யூனிட்டி காலேஜ் மார்க்கை மெடிக்கல் ஸ்கூல் பார்க்குமா?

பார்க்கும். எம்டி கல்லூரிகளுக்கான ஏஎம்சிஏஎஸ் விண்ணப்பத்தில், ஹைஸ்கூல் காலத்தில் எடுத்தது உட்பட எல்லாக் கல்லூரிப் பாடங்களையும் எழுத வேண்டும், எல்லா டிரான்ஸ்கிரிப்டும் போக வேண்டும், கிரேடுகள் ஜிபிஏவில் சேரும். பதினாறு வயதில் கெமிஸ்ட்ரியில் வாங்கிய சி, ஆறு ஆண்டு கழித்து அறிவியல் ஜிபிஏவில் உட்கார்ந்திருக்கும். சட்டக் கல்லூரி விண்ணப்ப முறையிலும் இதே கதைதான். சில மெடிக்கல் ஸ்கூல்கள் அடிப்படை அறிவியல் பாடங்கள் நான்காண்டுக் கல்லூரியில் எடுத்தவையாக இருப்பதை விரும்புகின்றன. மருத்துவ ஆசை உள்ள பிள்ளைக்கு உயிரியல், வேதியியல், இயற்பியலை ஏபியாக எடுத்து, டூயலைக் காம்போசிஷன், சமூக அறிவியல் பக்கம் வைப்பது பாதுகாப்பு.

புரொஃபஸரிடம் நான் பேசலாமா?

பொதுவாக முடியாது. கல்லூரியில் சேர்ந்த நொடியிலிருந்து, வயது பதினைந்தே ஆனாலும், அந்தக் கல்விப் பதிவுகள் மீதான ஃபெர்பா (மாணவர் பதிவுகளின் தனியுரிமைச் சட்டம்) உரிமை பிள்ளைக்குப் போய்விடும். நீங்கள் மெயில் அனுப்பினால் "மாணவரிடம் கேளுங்கள்" என்று ஒரு வரி பதில் வரும். பிள்ளை சம்மதப் படிவம் கொடுத்தாலோ, வரிக்கணக்கில் உங்களைச் சார்ந்தவராக இருந்தாலோ கல்லூரி தகவல் தரலாம். தந்தே ஆக வேண்டும் என்றில்லை.

பிள்ளையின் பெயரில் நீங்களே மெயில் எழுதுவதும் வேண்டாம், கண்டுபிடித்துவிடுவார்கள். முதல் வாரத்தில் ஆஃபீஸ் ஹவருக்கு ஒருமுறை போய் அறிமுகம் செய்துகொள்ளச் சொல்லுங்கள். கல்லூரி மெயிலைத் தினமும் திறக்கிறானா என்று மட்டும் கேளுங்கள். தேதி மாற்றம், அறை மாற்றம் எல்லாம் அதில்தான் வரும். இந்தத் தலைமுறை மெயில் பார்ப்பதில்லை.

ஐஇபி அல்லது 504 திட்டம் கல்லூரியிலும் தொடருமா?

இவை மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி தரும் உதவித் திட்டங்கள். தானாகத் தொடராது. கல்லூரியின் மாற்றுத்திறன் உதவி அலுவலகத்தில் பிள்ளையே பதிவு செய்து, ஆவணம் கொடுத்து, ஒவ்வொரு செமஸ்டரும் புரொஃபஸருக்குக் கடிதம் சேர்ப்பிக்க வேண்டும். கூடுதல் தேர்வு நேரம் பெரும்பாலும் கிடைக்கும். பாடத்தின் அளவைக் குறைப்பது கிடைக்காது.

ஹெச்-4 விசாவில் இருக்கிறோம். எடுக்கலாமா?

ஹெச்-4 பிள்ளைகள் படிக்கத் தடையில்லை. கேள்வி கட்டணத்தில்தான். உள்மாநில மாணவராகக் கணக்கிடுவதற்கான விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. டூயல் தள்ளுபடி எல்லா விசா வகைக்கும் பொருந்துமா என்பதும் வேறு. கல்லூரியின் அட்மிஷன்ஸ் அண்ட் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்தில் ரெஜிஸ்டர் செய்யும் முன்பே மெயிலில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாததால் ஆன்லைன் படிவம் நின்றுபோனால், அந்த இடத்தைக் காலியாக விடவோ மாற்று எண் பெறவோ அலுவலகம் வழி சொல்லும். போலி எண் போடாதீர்கள்.

இத்தனை கிரெடிட்டோடு போனால் டிரான்ஸ்ஃபர் மாணவர் ஆகிவிடுவானா?

ஹைஸ்கூல் பட்டத்துக்கு முன் எடுத்த பாடங்களால் பெரும்பாலான கல்லூரிகளில் ஆகமாட்டான். 60 கிரெடிட், அசோசியேட் பட்டம் இருந்தாலும் முதலாண்டு விண்ணப்பதாரர்தான். அது நல்லதே, முதலாண்டு மாணவர் உதவித்தொகைகள் கைவிட்டுப் போகாது. பட்டம் பெற்ற பிறகு எடுப்பதில்தான் கவனம் வேண்டும். அந்தக் கோடையில் ஒரு பாடம் சேர்க்கும் முன் சேரப்போகும் கல்லூரியிடம் கேளுங்கள்.

ஓராண்டு முன்னதாகவே பட்டம் முடிக்கலாமா?

எகனாமிக்ஸ், சைக்காலஜி, வரலாறு போன்றவற்றில் சரியாகத் திட்டமிட்டால் முடியும். எஞ்சினியரிங்கில் கடினம். அங்கே பாடங்கள் சங்கிலியாக இருக்கும்: கால்குலஸ், இயற்பியல், ஸ்டாட்டிக்ஸ், அதன் மேல் அடுத்தது. சங்கிலியின் நீளம்தான் ஆண்டைத் தீர்மானிக்கிறது. வரலாறும் சைக்காலஜியுமாக 30 கிரெடிட் கொண்டுபோனாலும் சங்கிலி சுருங்காது. செமஸ்டருக்கு ஐந்து பாடத்துக்குப் பதில் நான்கு எடுத்துக்கொண்டு ரிசர்ச்சுக்கோ கோ-ஆப்புக்கோ (படிப்போடு சேர்ந்த வேலைப் பயிற்சி) நேரம் கண்டுபிடிக்கலாம், அதுவும் லாபம்தான்.

வீட்டுக் கல்வி பயிலும் பிள்ளைகள்?

பெரும்பாலான மாநிலங்களில் முடியும். கவுன்சிலர் கையெழுத்து இருக்கும் இடத்தில் பெற்றோர் கையெழுத்து வரும். பெற்றோர் தயாரித்த டிரான்ஸ்கிரிப்டும் பிளேஸ்மென்ட் தேர்வும் கேட்பார்கள். இலவசச் சலுகைக்கு மாநிலத்திடம் முன்பதிவு வேண்டியிருக்கலாம்.

முடித்த பாடத்தைப் பல்கலைக்கு எப்படித் தெரிவிப்பது?

காமன் ஆப் என்ற, பல கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பத்தின் கல்விப் பகுதியில், படித்த கல்லூரியாகக் கம்யூனிட்டி காலேஜைச் சேர்க்க வேண்டும். மார்க் ஹைஸ்கூல் டிரான்ஸ்கிரிப்டில் இருப்பதால் தனியாகச் சொல்ல வேண்டாம் என்று நினைத்து விடுபவர்கள் அதிகம். பின்னால் மறைத்ததாகத் தோன்றும்.

கிரெடிட் ஏற, சேரும் பல்கலைக்குக் கம்யூனிட்டி காலேஜிலிருந்தே அதிகாரபூர்வ டிரான்ஸ்கிரிப்ட் போக வேண்டும். ஹைஸ்கூல் அனுப்பாது, பிள்ளை கேட்டு வாங்கி அனுப்ப வேண்டும். பார்ச்மென்ட் அல்லது நேஷனல் ஸ்டூடண்ட் கிளியரிங்ஹவுஸ் வழியாகச் சில டாலரில் முடியும். இரண்டு கல்லூரியில் எடுத்திருந்தால் இரண்டிலிருந்தும். கடைசி செமஸ்டர் கிரேடு ஏறிய பிறகே ஆர்டர் செய்யுங்கள், "கிரேடு வந்ததும் அனுப்பு" என்ற ஆப்ஷன் இருக்கும். நூலக அபராதமோ பார்க்கிங் டிக்கெட்டோ பாக்கி இருந்தால் சில கல்லூரிகளில் டிரான்ஸ்கிரிப்ட் நிற்கலாம், அதை முதலில் கட்டிவிடுங்கள். ஏபி ஸ்கோர் தனி: ஜூன் 20-க்குள் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தால் ஒரு கல்லூரிக்கு இலவசமாகப் போகும். முதலாண்டு ஓரியன்டேஷனுக்குள் இவை இரண்டும் போய்ச் சேரவில்லை என்றால், அட்வைசர் பிள்ளையை முடித்த பாடத்திலேயே மறுபடி ரெஜிஸ்டர் செய்துவிடுவார். டிரான்ஸ்கிரிப்டின் அன்அஃபிஷியல் நகலையும் சிலபஸ் பிடிஎஃப்களையும் பிள்ளையின் போனிலேயே போட்டு ஓரியன்டேஷனுக்கு அனுப்புங்கள்.